ஊஞ்சக்காடு பிடித்துவைத்தவர்கள்

“மண்ணு ஒருத்தம் பேர்ல இருக்கும், ஆனா இன்னொருத்தருக்காக இருக்கும், அதுல பாத்தீன்னா...” என்று அப்பா ஒருமுறை சொல்ல ஆரம்பித்தது சிகாமணிக்கு நன்றாக நினைவிருந்தது, பாத்தீன்னாவுக்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பதுதான் நினைவில்லை. அப்போது அவனுக்குப் பதினேழு வயது, காங்கயத்துக்குப் பஸ் வந்துகொண்டிருந்தது, ஓடிப்போய் ஏறிவிட்டான். பிறகு அப்பா செத்துப்போனார். அண்ணன் நாச்சிமுத்துவைக் கேட்டால், அப்பா அப்படி வாயே திறக்கவில்லை என்றார். அக்கா மயிலாத்தாளை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டுதான் சிகாமணி இருபத்திரண்டு வருஷம் தான்சானியாவில் போர்வெல் வண்டியோடு அலைந்தான். ஊர் பேர் தெரியாதவர்களின் செம்மண்ணில் எல்லாம் துளை போட்டு, அவர்கள் தண்ணீரைக் கண்டு கூத்தாடுவதைத் தள்ளி நின்று பார்த்து, தனக்கென்று ஒரு மண் இருக்கிறது, அது ஊஞ்சக்காடு, ஐந்தரை ஏக்கர், வாங்கும்போது நான் மைனராக இருந்ததால் அண்ணன் பேரில் கிடக்கிறது, அப்பா சொன்ன அந்த இன்னொருத்தர் நான்தான் என்று தனக்குத்தானே தமிழில் ஒருமுறையும் சுவாஹிலியில் ஒருமுறையும் சொல்லிக்கொண்டு தூங்கினான். நாற்பத்தெட்டு வயதில் திரும்பி வந்தபோது, பெண்டாட்டியையும் மகளையும் கோயமுத்தூரில் ஒரு வாடகை வீட்டில் இறக்கிவிட்டு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தாராபுரத்து வக்கீலிடம் போனான்.

“இதுக்குப் பத்திரமே வேண்டீதில்லைங்க” என்றார் வக்கீல். “சொத்து ஒருத்தர் பேர்ல இருக்கலாம். ஆனா நியாயப்படி அவரு அதை இன்னொருத்தருக்காகத்தான் வெச்சிருக்கறாருன்னா, கோர்ட்டே அவரை அப்படிக் கட்டிப்போட்டுரும். எழுதாத பொறுப்புங்க அது.”

“காட்டறக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்களே.”

“உங்கப்பா சொன்ன வார்த்தை இருக்குதல்லங்க?”

சிகாமணி பாதி வார்த்தையைச் சொன்னான். மீதியை வக்கீலே எழுதிக்கொண்டார்.

வேறு வாரிசு உண்டா என்று கேட்டதற்கு, ஒரு அக்கா உண்டு, அது பங்கு வேண்டாமென்று விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டது என்றான். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். அப்பன் காரியம் முடிந்த பதினாறாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்களுக்கு ஒரு பட்டுச்சேலையை மடியில் வைத்து, அதன்மேல் பத்திரத்தை வைத்து, அதன்மேல் பேனாவை வைப்பார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பெண்ணை அடுத்த தீபாவளிக்குத் தாய்வீட்டில் அழைக்க மாட்டார்கள். மயிலாத்தாள் படிக்காமல் போட்டிருந்தாள். அது அப்பாவின் பேரில் இருந்த மேற்குத் தோட்டத்துக்கான பத்திரம். அண்ணன் பேரில் இருந்த ஊஞ்சக்காடு அதில் இல்லை. அதை யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, வக்கீல் நோட்டீஸைத் தபாலில் அனுப்பாமல் சிகாமணி கையிலேயே கொண்டுபோனான். அண்ணன் நாச்சிமுத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க திருடனுங்கண்ணா” என்றான் சிகாமணி. எத்தனை கோபத்திலும் அண்ணனிடம் ‘ங்க’ போடாமல் அவனுக்குப் பேச வராது. “முப்பது வருசமா என்ர காட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்கறீங்க. மரியாதையா எழுதிக் குடுத்துருங்க.”

“போடா அக்கட்டால” என்றார் நாச்சிமுத்து. “ஆப்பிரிக்காவுல ஓட்டை போட்ட மாதிரி என்ர வவுத்துலயும் போடலாம்னு வந்தயா?”

நோட்டீஸை வாங்கி வாய்க்காலில் விட்டார். அது வெங்காயப் பாத்திக்குள் மிதந்து போயிற்று. மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு, கஞ்சி குடிக்க வீட்டுக்குக் கிளம்பினார். கிளுவை வேலியின் வாயில் இருந்த படலைத் திறந்து வலது காலை எடுத்து வைத்தார், கால் உள்ளேயே இருந்தது. இடது காலை வைத்துப் பார்த்தார், அதுவும் உள்ளேயே இருந்தது. ஓடிவந்து பார்த்தார், பின்பக்கமாக நடந்து பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்ற தம்பியிடம், “சோத்துப் போசியை இங்கயே கொடுத்தனுப்பச் சொல்லு” என்றார். சிகாமணி சொல்லவில்லை.

முதல் வாரம் ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. நான்கு பேர் தூக்கிப் பார்த்தார்கள், தூக்கியவர்கள் வெளியே வந்தார்கள், தூக்கப்பட்டவர் வரவில்லை. டிராக்டரில் உட்காரவைத்து ஓட்டினார்கள், டிராக்டர் போயிற்று, அவர் உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் வழுக்கிப் படலுக்கு உள்பக்கம் பொத்தென்று விழுந்தார். கோயில் பூசாரி வந்து திருநீறு போட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்து, வாயு என்றார்கள். அதற்கு மேல் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று ஊர் கண்டுகொண்டதும், எல்லாரும் அவரவர் வேலையை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொண்டார்கள்.

ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினை மாதம் ஒருமுறை வேலியோரம் கொண்டுவந்தார். பால் சொசைட்டி வண்டி ஊஞ்சக்காட்டைச் சுற்றிப் போயிற்று, கேஸ் சிலிண்டர் படலோரம் இறங்கிற்று, மினி பஸ்காரர் அங்கே ஒரு நிறுத்தம் போட்டு ‘கால்புடிச்ச காடு இறங்கு’ என்று கூவினார். மாரியம்மன் தேர் அந்த வருஷம் வழியை மாற்றிக்கொண்டு, ஆத்தா ஒருத்தரை விட்டுவிட்டுப் போகக் கூடாதென்று வேலிக்கு வெளியே நின்று ஒரு தேங்காய் உடைத்து, மூடியை உள்ளே எறிந்துவிட்டுப் போயிற்று. கிராம நிர்வாக அலுவலர் அவருடைய விலாசத்தை வீட்டிலிருந்து எடுத்துவிட்டு, சர்வே எண்ணுக்கு மாற்றிக் கொடுத்தார். மோட்டார் ரூமில் கட்டில் போட்டு, டிவி வைத்து, நாச்சிமுத்து அங்கேயே குடியிருந்தார். அவர் பெண்டாட்டி பாவாத்தாள் மூன்று வேளையும் சோற்றோடு வந்து, வேலிக்கு மேல் போசியை நீட்டிக்கொண்டே பேசுவாள்.

“உங்களுக்குச் சோறு தூக்கறக்கா எங்கப்பன் என்னையப் பெத்துது? அந்தக் கொள்ளையில போறவனுக்கே எழுதிக் குடுத்துட்டு வந்து தொலைங்க.”

“செத்தாலும் தர மாட்டன்.”

“செத்தா எப்படித் தூக்கறதாமா? இங்கயேதான் குழி வெட்டோணும்.”

ஆனால் ஊரில் நடந்த பெரிய காரியம் ஊஞ்சக்காட்டில் நடக்கவில்லை, மற்றக் காடுகளில் நடந்தது. பிடித்தது எதனால் என்று யாரும் விளக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது; ஒருத்தர் பேரில் இருந்துகொண்டு இன்னொருத்தருக்காகக் கிடக்கிற மண் அப்படிச் செய்யும் என்று டீக்கடையில் பொதுவாகச் சொன்னார்கள், சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். பெரிய பண்ணையக்காரர்கள்கூடத் தங்கள் காட்டுப் படலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார்கள். சிலர் ஆட்டை முன்னால் விட்டார்கள், சிலர் மாமியாரை முன்னால் விட்டார்கள். செத்துப்போன தம்பியின் மனைவிக்குச் சேர வேண்டிய மூன்று ஏக்கரைத் தன் பேரில் வைத்திருந்த ஒருவர், இடுப்பு வலி என்று சொல்லி நாலு மாதம் காட்டுப் பக்கமே போகாமல் கடலையைக் காயவிட்டு, கடைசியில் ஒரு திங்கட்கிழமை பத்திர ஆபீசில் போய் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள், எல்லாரும் தலையில் துண்டைப் போட்டிருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் அந்த வருஷம் கார் வாங்கினார். வேறு எந்தக் காடும் யாரையும் பிடிக்கவில்லை. பிடிக்கிற அளவுக்கு யாரும் உள்ளே போகவில்லை.

வழக்கு நடந்தது. நாச்சிமுத்து ஆஜராகவில்லை என்றதும் நீதிமன்றம் ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பியது. அவர் டேப்போடு வந்து, நாச்சிமுத்துவை எட்டுத் திசையிலும் வேலியைத் தாண்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘பிரதிவாதியின் கால்கள் நான்கு மாலிலும் எல்லைக்குள்ளேயே நின்றன, காரணம் கூறுவது இந்தக் கமிஷனுக்கு இடப்பட்ட வேலை அல்ல’ என்று எழுதி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

தாராபுரத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு சிகாமணி தினமும் வந்தான். வேலிக்கு வெளியே இட்டேரிப் பாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊஞ்சக்காடு தனக்காகப் பேசுகிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கோர்ட்டு கட்டிப்போடும் என்று வக்கீல் சொன்னார், மண்ணே கட்டிப்போட்டுவிட்டது.

“கால் வலிக்குதுங்களாண்ணா?” என்பான்.

“உன்னையாட்ட இட்டேரியில உக்காந்திருக்கல. என்ர காட்டுக்குள்ள உக்காந்திருக்கறன்.”

“உங்க காடா இருந்தா வெளிய வாங்க பாக்கலாம்.”

நாச்சிமுத்து ஒரு மண்கட்டியை எடுத்து எறிவார். மண்கட்டி மட்டும் வேலியைத் தாண்டி வரும்.

ஆவணி பிறந்தபோது பதினோரு மாதம் ஆகியிருந்தது. சிகாமணியின் மகள் யாழினிக்கு ஆவணி இருபத்தொன்பதில் கோயமுத்தூரில் கல்யாணம் முடிவாகியிருந்தது. பத்திரிகை வைக்க வந்த சிகாமணி, ஊரெல்லாம் வைத்துவிட்டு ஊஞ்சக்காட்டைத் தாண்டிப் போனான். அப்போது படலுக்குள்ளிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். பதினோரு மாதத்தில் அவர் இறங்கின குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

“தம்பி, போதும்டா. ரிஜிஸ்ட்ராரைக் கூட்டிட்டு வா. எழுதிக் குடுத்தர்றன்.”

“மெய்யாலுமேங்களாண்ணா?”

“உம் பேருக்கே. வில்லங்கம் ஒண்ணும் வேண்டாம். தானமாவே எழுதிக்க.”

நடமாட முடியாதவர்களுக்குப் பதிவு அதிகாரி நேரில் வருவது உண்டு. ஆவணி பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு அவர் மிஷினோடும் கேமராவோடும் வந்து, வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்க வேலியைச் சுற்றி நின்றது. நாச்சிமுத்து கட்டை விரலை வைத்தார், சிகாமணி கையெழுத்துப் போட்டான். நாச்சிமுத்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நடந்து, படலைத் தாண்டி, இட்டேரியில் போய் நின்றார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். பாவாத்தாள் போசியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

சிகாமணி அதைப் பார்க்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் மண்ணில் நடந்துகொண்டிருந்தான். கிழக்கு வரப்பில் போய், தென்னைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, தான் அனுப்பிய பணத்தில் போட்ட போர்வெல் பைப்பைத் தட்டிப் பார்த்து, ஈரப் பாத்தியில் கணுக்கால்வரை இறங்கி நின்று, இருபத்திரண்டு வருஷம் இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டதை இப்போது எந்தப் பாஷையும் இல்லாமல் சொல்லிக்கொண்டு, முழு ஐந்தரை ஏக்கரையும் சுற்றிவிட்டு, சிரித்த முகத்தோடு படலுக்கு வந்தான். வலது காலை எடுத்து வெளியே வைத்தான்.

கால் உள்ளேயே இருந்தது.

விசில் நின்றது. அவன் மறுபடியும் வைத்தான். இட்டேரியில் அவனுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் நாச்சிமுத்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“வெச்சுப் பாரு, நல்லா வெச்சுப் பாரு” என்றார். “எனக்கு மொத நாளே தெரியும்டா, அது உன்னுதில்லைன்னு.”

“அப்பறம் ஆருதுங்க?”

“ஆருது? அம்மா செத்தப்ப அதும்பட நகை ஆருக்குச் சேரோணும்? மகளுக்கு. அப்பன் அதைப் பூராவும் வித்துத்தான் இந்தக் காட்டை வாங்குச்சு. பொம்பளை பேர்ல எழுதுனா இன்னொரு வூட்டுக்குப் போயிரும்னு என்ர பேர்ல எழுதி, மயிலாளுக்கு வேணுங்கறப்பக் குடுத்துருன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. நீ பஸ்ஸேறிப் போயிட்டே. நான் முழுசாக் கேட்டன்.”

சிகாமணி படலைப் பிடித்துக்கொண்டான்.

“தெரிஞ்சுமா பதனோரு மாசம் உக்காந்திருந்தீங்க? அக்காளுக்கு எழுதீருக்கலாமல்லங்க?”

“அவளுக்கு எழுதுனா நானுந் தோத்தன், நீயுந் தோத்தே” என்றார் நாச்சிமுத்து. “இப்ப நீ மட்டுந்தான்.” எழுந்து, நாற்காலியை மடக்க முடியாதென்று தெரிந்ததும் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பதினோரு மாதமாகப் பார்க்காத டீக்கடைக்கு நடந்தார்.

ஊருக்குப் பழக்கம் இருந்தது. மறுநாளே ரேஷன்காரர் மிஷினில் பேரை மாற்றிக் கொண்டுவந்தார். மினி பஸ் அதே இடத்தில் நின்றது. கோயமுத்தூரிலிருந்து பெண்டாட்டி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். கல்யாணத்தைக் காட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று சிகாமணி கேட்டுப் பார்த்தான். மாப்பிள்ளையின் அப்பா போனில், “காலு புடிக்கற எடத்துல எங்க பையனைக் கொண்டாந்து நிறுத்த மாட்டமுங்க” என்றார். அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் மயிலாத்தாள் மொபெட்டில் வந்தாள். வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி மில்லில் இருபது வருஷமாகத் தவிடு சலிக்கிறவள். புருவத்தில்கூட அந்தத் தூசி இருந்தது. பின்னால் ஏறி வந்த பத்திரம் எழுதுகிறவரைப் படலுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, அவள் மட்டும் உள்ளே வந்தாள். சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். வெளியே ஒருமுறை போய், மறுபடி உள்ளே வந்தாள். அவளை எதுவும் பிடிக்கவில்லை.

“அக்கா, எனக்குத் தெரியாதக்கா” என்றான் சிகாமணி.

“தெரிஞ்சிருந்தா?”

அவன் தென்னைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அதைத்தான் கேட்டன்” என்றாள். “நான் அழுகறக்கு வரலடா. கும்புட்டுக் கேக்கவும் வரல. பத்திரம் எழுதியாந்திருக்கறன், நாளன்னிக்கு ரிஜிஸ்ட்ரார் வர்றாரு. நீ போடு, இல்லாட்டிப் போ.”

“நீதான் விடுதலை எழுதிக் குடுத்தயேக்கா. பட்டுச்சேலை வாங்கிக்கிட்டுப் போட்டயல்ல?”

“அப்பன் தோட்டத்துக்குப் போட்டன். எங்கம்மா கழுத்துக்கும் போட்டனா?” அவள் குரல் உயரவேயில்லை. “அந்தச் சேலை ஒரு வெளுப்புக்குத் தாங்கல. ரெண்டு பேரும் வருசம் பூராவும் கோர்ட்டுல என்னமோ பண்ணீட்டிருந்தீங்களே, எம் பேரை ஒருக்கா சொன்னீங்களாடா? ஊருக்குள்ள அத்தன பேரு எழுதிக் குடுத்தாங்க. நம்ம வூட்டுக்கு ரெண்டாவது வீட்டுக் கெழவன்கூடக் குடுத்தான். நீங்க ரெண்டு பேரும் அதையும் வேடிக்கை பாத்தீங்க.”

“போர் நான் போட்டன். தென்னை நான் வெச்சன். நான் இல்லாட்டி இது வெறும் ஊஞ்ச முள்ளு.”

“அண்ணன் வெங்காயம் வெச்சுது. அதுக்கு அது பதனோரு மாசம் உக்காந்துச்சு. நீ எத்தன மாசம் உக்காருவே?”

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். தவிட்டு வாசம் கொஞ்ச நேரம் இருந்தது.

அந்த இரண்டு நாளும் சிகாமணி காட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கையெழுத்து ஒன்று போட்டால் ஆயிற்று, கோயமுத்தூருக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று கால் சொல்லியது. ஒவ்வொரு தென்னையின் கீழும் நின்று, இதை விட்டுவிட்டால் இருபத்திரண்டு வருஷம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தான். யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது. பத்திரத்தை வாங்கிக்கொண்டு மயிலாத்தாள் படலைச் சாத்துவதையும், நாச்சிமுத்து டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பதையும் நினைத்தபோது தென்னையடிக்கே திரும்பிப் போனான்; மகள் மணவறையில் திரும்பிப் பார்ப்பதை நினைத்தபோது படலோரம் வந்து நின்றான். இப்படிப் போவதும் வருவதுமாக, இருபத்தேழாம் தேதி காலை ஆயிற்று.

ரிஜிஸ்ட்ரார் வந்தார். வேப்பமரத்தடியில் அதே மேசையைப் போட்டார்கள். மயிலாத்தாள் மில்லுக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலியைச் சுற்றி ஊர் நின்றது, பின்வரிசையில் நாச்சிமுத்துவும் நின்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. என்ன ஆகப்போகிறது என்று தெரியாத ஒரே ஆள் போலக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

சிகாமணி பேனாவைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. யாழினி.

“அப்பா, மண்டபத்துல கேக்கறாங்கப்பா” என்றாள். பின்னால் யாரோ பந்தல்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். “நீங்க வர்றீங்கதானே? தாரை வார்க்க ஆளு பேர் எழுதிக் குடுக்கணுமாம். என்ன எழுதட்டும்?”

ரிஜிஸ்ட்ரார் கடிகாரத்தைப் பார்த்தார். மயிலாத்தாள் தம்பியின் கையைப் பார்த்தாள்.

சிகாமணி பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். “பெரியப்பா பேரை எழுதிக்க கண்ணு, நாச்சிமுத்துன்னு” என்று மகளிடம் சொன்னான்.